பட்டம் வாங்கியாச்சு... காத்திருக்க முடியுமா?

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தோளில் பை, பைக்குள் டிபன் பாக்ஸ், கையில் தண்ணீர் பாட்டில். கதவு திறந்த சில நிமிடங்களில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான கூடம் நிறைந்துவிடுகிறது. சுவரோரம் இடம்பிடித்து உட்கார்ந்த இளைஞருக்கு 26 வயது. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தவர். அவர் முன்னால் விரிந்திருந்தது ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல்.

பக்கங்களில் பென்சில் கோடுகள். அவற்றின் மேல் பச்சை மை. அதற்கும் மேல் மஞ்சள் ஹைலைட்டர். "பென்சில் 2022 எக்ஸாமுக்குப் படிச்சது சார். காலேஜ் முடிச்ச கையோட எழுதினேன். பச்சை 2024. மஞ்சள் போன வருஷம்" என்கிறார். ஊரில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அப்பா கட்டட வேலை. "வீட்ல ஒண்ணும் கேட்க மாட்டாங்க சார். அதுதான் கஷ்டமா இருக்கு."

நான்கு வருட இன்ஜினீயரிங் படிப்புக்குப் பிறகு, பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்று சொல்லும் வேலைக்காக, ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மூன்று நிறங்களில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர். அந்தக் கூடத்தில் அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள். அப்படியானால் டிகிரி படித்ததால் என்ன பயன்? இந்தக் கேள்வியை இன்று தமிழ்நாட்டில் பல வீடுகள் கேட்கின்றன. இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

சில ஆயிரம் இடம், பல லட்சம் பேர்

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்துவது குரூப் 4 தேர்வு. 2022-ல் 7,301 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். 2024-ல் 6,244 இடங்கள். 20 லட்சம் பேர். 2025-ல் 3,935 இடங்கள். 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இளநிலை உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆண்டுதோறும் ஊதிய உயர்வு, யாரும் திடீரென்று வீட்டுக்கு அனுப்ப முடியாத நிம்மதி எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்து, "அரசு வேலை மோகம்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மோகம் என்று சொல்வதற்கு முன், வெளியே என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சிறு நகரத்துக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவருக்கு உள்ளூர்க் கடையிலோ தனியார் பள்ளியிலோ நிதி நிறுவனத்திலோ கிடைப்பது பெரும்பாலும் பத்தாயிரத்துக்கும் பதினைந்தாயிரத்துக்கும் இடைப்பட்ட சம்பளம். பல இடங்களில் பி.எஃப். கிடையாது; ஞாயிறு விடுமுறைகூட நிச்சயமில்லை. அதைவிட நல்ல வேலைக்காக மூன்று நிறங்களில் படிப்பது மோகம் ஆகாது. அது கணக்கு.

கல்லூரி வாசல் திறந்த கதை

இந்த மாநிலம் கல்லூரி வாசலைத் திறந்து வைக்கப் பட்ட பாடு சாதாரணமானது இல்லை. காமராஜர் காலத்து ஊர்ப் பள்ளிகளும் மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருக்க வைத்தன. 1984-ல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. பின்னாளில் அவற்றின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. 2007-ல் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு ரத்தானது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2022-ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுப் பிரிவில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். கூலி வேலை செய்பவரின் மகள் பி.காம். படிப்பது இன்று செய்தியே இல்லை என்பதுதான் இந்த மாநிலத்தின் பெரிய செய்தி.

உள்ளே போகும் வாசலை இவ்வளவு அகலமாகத் திறந்த நாம், வெளியே வரும் வாசலை அதே அளவு அகலப்படுத்தவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

படித்தவருக்குத்தான் வேலையில்லையா?

புள்ளிவிவரங்களை மேலோட்டமாகப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், 2022-23-ல் நாட்டின் மொத்த வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம். பட்டதாரிகளிடையே 13.4 சதவீதம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024-ம் ஆண்டு அறிக்கை இளைஞர்களை மட்டும் தனியே பார்த்தது. பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் அது 3.4 சதவீதம்தான்.

"பார்த்தீர்களா, படிக்காதவன் பிழைத்துக்கொள்கிறான்" என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. வேலை தேடிக்கொண்டு, கிடைக்காமல் இருப்பவரைத்தான் கணக்கெடுப்பு "வேலையற்றவர்" என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இன்று வேலைக்குப் போகாவிட்டால் இன்று அடுப்பு எரியாது. செங்கல் சூளையோ, சுமை தூக்குவதோ, கிடைத்ததைச் செய்கிறார். கணக்கில் "வேலையில் இருப்பவர்" ஆகிறார். பட்டதாரி தன் படிப்புக்கு ஏற்ற வேலைக்காகக் காத்திருக்கிறார். காத்திருக்கும் வரை அவர் வேலையற்றவர்.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 2023 அறிக்கை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் 42 சதவீதத்தினருக்கு வேலையில்லை. 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பட்டதாரிகளில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. அல்லது தேடுவதை விட்டுவிடுகிறார்கள். கேள்வி, எப்போது கிடைக்கிறது, என்ன வேலை, அதுவரை சோறு போடுவது யார் என்பதுதான்.

பட்டம் காத்திருக்கும் வலிமையைக் கேட்கிறது. அந்த வலிமை எல்லா வீட்டிலும் ஒன்றாக இல்லை. சொந்த வீடும் மாதச் சம்பளமும் உள்ள குடும்பத்துப் பிள்ளை மூன்று ஆண்டு காத்திருந்து நல்ல வேலையைப் பிடிக்கலாம். அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பிள்ளை ஆறாவது மாதமே கிடைத்ததை ஒப்புக்கொள்கிறது. இருவர் கையிலும் இருப்பது ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே பட்டம்.

முதல் மாதமும் இருபதாவது வருடமும்

தமிழ்நாட்டில் பல ஊர்களில் கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. தினமும் வேலை இருந்தால் அவர் வாங்குவது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பி.எஸ்சி. பட்டதாரியின் சம்பளத்தைவிட அதிகம். "படிச்சு என்னத்தக் கண்ட?" என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் இந்த ஒப்பீடு முதல் மாதத்தோடு நின்றுவிடுகிறது. கொத்தனார் 25 வயதில் வாங்கும் கூலிக்கும் 45 வயதில் வாங்கும் கூலிக்கும், விலைவாசியைக் கழித்துவிட்டால், பெரிய வித்தியாசம் இருக்காது. இதற்கிடையில் முதுகுவலி வந்திருக்கும், மழைக்காலத்தில் வேலை இருக்காது. நிரந்தர வேலையில் இருக்கும் பட்டதாரியின் சம்பளம் அனுபவத்தோடு ஏறுகிறது. உடல் தளரும் வயதில்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. நாடு முழுவதுக்குமான கணக்கெடுப்பில், 2024 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மாதச் சம்பளக்காரரின் சராசரி வருமானம் 21,103 ரூபாய். தினக்கூலியின் சராசரி 433 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தாலும் தினக்கூலிக்கு 10,825 ரூபாய்தான் வரும். ஏறத்தாழ பாதி.

எல்லாச் சம்பளக்காரரும் பட்டதாரி இல்லை, எல்லாப் பட்டதாரியும் சம்பளக்காரர் இல்லை என்பதும் உண்மை. ஆனால் தினக்கூலியிலிருந்து மாதச் சம்பளத்துக்குத் தாண்டிப் போகும் பாலங்களில் இன்றும் உறுதியானது படிப்புதான். பட்டத்தின் மதிப்பை முதல் மாதச் சம்பளத்தை வைத்து அளப்பது, நட்ட மறுவருடமே தென்னையில் இளநீர் கேட்பது போன்றது. அதேநேரம், தென்னை காய்க்கும் வரை குடும்பம் எதைச் சாப்பிடும் என்று கேட்காமல் இருப்பதும் நியாயமில்லை.

ஒரே பட்டம், வேறு வேறு விலை

பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்போம். பேருந்தில் நான்கு பேர் துண்டு போட்டால் நான்கு பேருக்கும் இடம் கிடைக்கும். நானூறு பேர் துண்டு போட்டால், யாருடைய துண்டு, என்ன நிறம், யார் தெரிந்தவர் என்ற விசாரணை தொடங்கிவிடும். பட்டத்துக்கு நேர்ந்தது இதுதான். வேலைச் சந்தையில் பட்டம் என்பது திறமையை முதலாளிக்குக் காட்டும் ஓர் அடையாளம் என்று 1973-லேயே எழுதிய பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ், 2001-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அடையாளம் எல்லோரிடமும் வந்துவிட்டால், முதலாளி அடுத்த அடையாளத்தைத் தேடுகிறார்: எந்தக் கல்லூரி, ஆங்கிலம் எப்படி, அரியர் உண்டா, இன்டர்ன்ஷிப் எங்கே?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய நிறுவனங்கள் வரும் கல்லூரிகள் ஒரு பட்டியலுக்குள் அடங்கிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத கல்லூரியின் முதல் மாணவரைவிட, பட்டியலில் உள்ள கல்லூரியின் நடுத்தர மாணவருக்கு வாய்ப்பு அதிகம். படித்த பிரிவும் கைவிடலாம். 2010-களில் மெக்கானிக்கல், சிவில் என்று வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தோம். அந்தத் தலைமுறை வெளியே வந்தபோது வேலை குறைந்திருந்தது. பல கல்லூரிகள் அந்தப் பிரிவுகளை மூடி, இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று இடங்களைப் பெருக்கியிருக்கின்றன. இன்று சேரும் பிள்ளைகள் வெளியே வரும்போது சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஐ.டி. துறையிலும் படம் மாறிவிட்டது. 2010-களின் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் ஃபிரஷருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல். இன்றும் பொதுவான ஆட்சேர்ப்பில் அது மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. இடையில் சென்னையில் அறை வாடகை எவ்வளவு ஏறியது என்று அங்கே தங்கியவர்களுக்குத் தெரியும்.

மேலே மேலே படித்தால் தப்பிக்கலாமா? அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களைப் பாருங்கள். முதுகலை முடித்து, நெட் அல்லது செட் தேறி, முனைவர் பட்டமும் வாங்கிய பலருக்கு மாதம் 25,000 ரூபாய். அதுவும் வருடத்தில் 11 மாதங்களுக்குத்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்ன தொகை மாதம் 50,000 வரை. பட்டம் வாங்கித் தரும் வகுப்பறையில் நின்று பாடம் நடத்துபவருக்கே அவருடைய பட்டம் இவ்வளவுதான் தருகிறது. இது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

பெண்ணுக்கு இரண்டு கடிகாரம்

பட்டதாரி ஆணுக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது என்றால், பெண்ணுக்கு இரண்டு ஓடுகின்றன. ஒன்று வேலைக்கு, மற்றொன்று கல்யாணத்துக்கு. அண்ணனுக்கு மூன்று முறை தேர்வு எழுத அனுமதி உண்டு. தங்கைக்கு ஒரு முறைதான். "அடுத்த வருஷம் வரன் வந்தா பார்த்துக்கலாம்" என்ற பேச்சு இரண்டாவது தேர்வுக்கு முன்பே வந்துவிடும். பட்டதாரிகளிடையே வேலையின்மை, ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாக இருப்பதற்குப் பின்னால் இந்தக் கடிகாரமும் இருக்கிறது. வெளியூர் வேலைக்கு அனுப்ப யோசனை, இரவுப் பணிக்குப் பயம், பிரசவத்துக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளாத நிறுவனம் என்று தடைகள் நீளும்.

இதே தமிழ்நாட்டில்தான் நாட்டின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று 2019-20 தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு காட்டுகிறது. பாதுகாப்பான விடுதியும் நம்பகமான பேருந்தும் இருந்தால் நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகள் நல்ல தொடக்கம். அவை ஒருசில ஊர்களோடு நிற்காமல் தொழிற்பேட்டை உள்ள ஊர்களுக்கெல்லாம் போக வேண்டும்.

காத்திருப்பின் செலவு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய், வட்டி 10 சதவீதம், ஏழு ஆண்டுத் தவணை. மாதம் கட்ட வேண்டியது சுமார் 6,600 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி தனி. வழக்கமாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரைதான் வங்கி பொறுக்கும். அதற்குள் 15,000 ரூபாய் வேலை கிடைத்தால், அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் 7,000 போய், தவணை போக மிஞ்சுவது 1,400. இதில் வீட்டுக்கு என்ன அனுப்புவது?

வேலை கிடைக்காவிட்டால் கணக்கே வேறு. 2022 ஜூலையில் குரூப் 4 எழுதியவர்களுக்கு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் முடிவு வந்தது. எட்டு மாதம். தேர்வு எழுதியவருக்கு அது எட்டு மாத வாடகை, எட்டு மாதத் தவணை, எட்டு முறை ஊருக்குப் போன் செய்து "ரிசல்ட் இன்னும் வரலம்மா" என்று சொல்வது.

நூலகத்தில் பார்த்த இளைஞர் வாரத்தில் நான்கு இரவு உணவு டெலிவரிக்குப் போகிறார். கணக்கெடுப்பாளர் அவரைக் கேட்டால் "வேலையில் இருப்பவர்" என்று எழுதிக்கொள்வார். அவர் தன்னை அப்படி நினைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, படிப்புக்குள்ளேயே வேலை வர வேண்டும். 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஆறு மாதமாவது உதவித்தொகையோடு தொழில் பழகும் வாய்ப்பு கலை, அறிவியல் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டம் இந்தத் திசையில் போகிறது. ஆன்லைன் கோர்ஸ் சான்றிதழோடு அது நின்றுவிடக் கூடாது. பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் மாணவரைக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, கல்லூரிகள் உண்மையைச் சொல்ல வேண்டும். விளம்பரப் பலகையில் "அதிகபட்ச பேக்கேஜ் 20 லட்சம்" என்று ஒரு மாணவரின் படத்தைப் போடுகிறார்கள். மீதிப் பேர் எங்கே? ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருக்கும் மாணவரின் சம்பளம் என்ன என்ற மூன்று எண்களை வெளியிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

மூன்றாவது, தேர்வாணையத்தின் காலதாமதம் குறைய வேண்டும். அறிவித்த தேதியில் தேர்வு, குறித்த மாதத்தில் முடிவு. அரசுக்குப் பெரிய செலவில்லாத சீர்திருத்தம் இது. காத்திருப்பவருக்கு மிச்சமாவது வாழ்க்கையின் ஒரு பகுதி.

நான்காவது, ஐ.டி.ஐ.யையும் டிப்ளமோவையும் இரண்டாம் தரமாக நினைக்கும் மனம் மாற வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீன இயந்திரங்களோடு மேம்படுத்த 2,877 கோடி ரூபாய்த் திட்டம் வந்திருக்கிறது. கையில் தொழிலோடு வேலைக்குப் போய், பிறகு பகுதி நேரமாகவோ தொலைநிலையிலோ பட்டம் வாங்குவதும் நல்ல வழிதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையைப் படிக்க வையுங்கள். அதில் இரண்டாம் யோசனை வேண்டாம். ஆனால் கல்லூரியில் பணம் கட்டும் முன், கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு வருடம் முன்பு அங்கே படித்து முடித்த நான்கு பேரைத் தேடிப்பிடித்து, இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டணத்தோடு, படிப்பு முடிந்து ஒரு வருடம் பிள்ளை வேலை தேடுவதற்கான செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்து வையுங்கள். மகனுக்குத் தரும் காலத்தை மகளுக்கும் கொடுங்கள்.

நாம் எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கல்யாண வீட்டில் படிப்பு முடித்த பிள்ளையைப் பார்த்தால், "வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு வேலை காலியாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால், "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நாளில் அது போதும்.